கழுத்து ஆபரேஷனுக்கு முன்னால் தாடை ஓரத்தில் ஃபில்லர் போடலாமா?

சிம்ஸ்பார்க்_பக்கம்

வணக்கம். குன்னூரில் இருந்து எழுதுகிறேன், வயது 57. கன்னத்துச் சதை தாடை விளிம்பைத் தாண்டி இறங்கிவிட்டது. கழுத்து நடுவில் இரண்டு நரம்பு மேலிருந்து கீழாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. கோவையில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜனைப் பார்த்தாகிவிட்டது. மே மாத விடுமுறையில் நெக் லிஃப்ட், அதாவது தொங்கும் கழுத்தை இறுக்கும் ஆபரேஷன், செய்துகொள்வது என்று ஏறக்குறைய முடிவும் செய்தாகிவிட்டது.

இடையில் தை மாதம் பெண் கல்யாணம் வருகிறது. அதற்குள் ஆபரேஷன் வேண்டாம் என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள், எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. இந்த நேரம் பார்த்து ஒரு அழகு கிளினிக்கில், "தாடை ஓரமாக நாலு சிரிஞ்ச் ஃபில்லர், அதாவது தோலுக்கடியில் இடத்தை நிரப்பும் ஊசி மருந்து, போட்டால் கல்யாண ஃபோட்டோவில் தொங்கலே தெரியாது, ஒரு வருஷத்தில் தானாகக் கரைந்துவிடும், ஆபரேஷனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை" என்கிறார்கள். மருந்தின் பெயர் கேட்டால் "கொலாஜன் ஊசிதான் மேடம்" என்பதோடு சரி. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், போடலாமா?

கட்டபெட்டு_காரன்

57 வயதில் கழுத்து தொங்காமல் வேறென்னம்மா செய்யும்? நாலு சிரிஞ்ச் காசுக்குப் பெண்ணுக்கு இன்னும் கொஞ்சம் நகை வாங்கலாம்.

வர்க்கி_பிரியை

அண்ணா, அவர் கேட்டது போடலாமா கூடாதா என்று. நகைக் கணக்கு அவர் வீட்டில் ஏற்கெனவே போட்டிருப்பார்கள்.

ஓடி_சிஸ்டர்

அக்கா, எனக்குச் சொந்த ஊர் கோத்தகிரி. கோவையில் பிளாஸ்டிக் சர்ஜரி தியேட்டரில் நர்ஸாக இருக்கிறேன். டாக்டர் இல்லை, ஆனால் இந்த ஆபரேஷன்களைப் பக்கத்தில் நின்று பார்க்கிறவள். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தக் "கொலாஜன் ஊசி" என்ன என்று விடாமல் கேளுங்கள். ஃபில்லர் என்ற ஒரே பெயரில் விற்கிற மருந்துகள் ஒன்றுக்கொன்று வேறானவை. ஜூவெடெர்ம், ரெஸ்டிலேன், பெலோடெரோ இதெல்லாம் ஹைலூரானிக் அமிலம். ஜெல் பதத்தில் இருக்கும், தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வேண்டாம் என்றால் ஹைலூரோனிடேஸ் என்ற ஊசியைப் போட்டுக் கரைத்துவிடலாம். ரேடியஸ் என்பது கால்சியம் ஹைட்ராக்ஸிலபடைட், அதாவது எலும்பில் இருக்கிற தாதுவின் நுண்மணிகள். ஸ்கல்ப்ட்ரா பாலி லாக்டிக் அமிலம். இந்த இரண்டும் உள்ளே போய் உடம்பைத் தூண்டிப் புதிதாகக் கொலாஜனை உண்டாக்க வைக்கும். இன்றைக்குக் கொலாஜன் ஊசி என்று சொன்னால் பெரும்பாலும் இந்த ரகம்தான். இவற்றைக் கரைக்க அந்த ஊசி வேலை செய்யாது. பெல்லாஃபில் என்று இன்னொன்று, பி.எம்.எம்.ஏ. என்ற பிளாஸ்டிக் மணிகள். போட்டால் போட்டதுதான், ஆயுசுக்கும் இருக்கும்.

இதற்கும் ஆபரேஷனுக்கும் சம்பந்தமில்லை என்றார்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. நெக் லிஃப்டில் காதைச் சுற்றியும், பலருக்குத் தாடைக்கு அடியிலும் கீறி, தோலை அடியில் இருக்கும் அடுக்கிலிருந்து பிரிப்பார்கள். உங்கள் கழுத்தில் தெரிகிற அந்த இரண்டும் நரம்பு கிடையாது அக்கா. பிளாட்டிஸ்மா என்ற மெல்லிய தசையின் இரண்டு ஓரங்கள். வயதாக ஆக அவை தளர்ந்து நடுவில் கயிறு மாதிரி நிற்கும். அவற்றை நடுவில் சேர்த்துத் தைப்பார்கள். பக்கவாட்டில் எஸ்.எம்.ஏ.எஸ். என்ற படலத்தை மேலே இழுத்துப் பிடிப்பார்கள். 1976இல் மிட்ஸ், பெய்ரோனி என்ற இரண்டு பேர் விவரித்த படலம் அது. கன்னத்துச் சதை மேலே ஏறுவது அதனால்தான், வெறும் தோலை இழுத்துத் தைத்தால் கொஞ்ச நாளில் மறுபடி தொங்கும்.

இப்போது கவனியுங்கள். கீழுதட்டை இறக்குகிற தசைக்குப் போகும் நரம்புக் கிளை தாடை விளிம்பை ஒட்டியே ஓடுகிறது. அடிபட்டால் சிரிக்கும்போது வாய் ஒரு பக்கம் கோணும். அடுக்குகள் சுலபமாகப் பிரிந்து வரவேண்டிய அந்த இடத்தில், கொலாஜனைத் தூண்டும் மருந்து போட்டதால் நார் கட்டியிருந்தால் எது எந்த அடுக்கு என்று பிடிபடுவது கஷ்டம். கிளினிக் ஃபில்லர் வைக்கச் சொல்கிற இடமும் சர்ஜன் பிரிக்கப்போகிற இடமும் ஒன்று. தொங்கலைத் தூக்கத் தோலுக்கடியில் சில மாதம் முன்னால் நூல் போட்டு இழுத்தவர்கள் வந்தாலும் இதே தொல்லைதான்.

சிம்ஸ்பார்க்_பக்கம்

சிஸ்டர், ரொம்ப நன்றி. நரம்பு என்றே இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியானால் கரைகிற ரகமாகப் பார்த்துப் போட்டு, ஆபரேஷனுக்கு முன்னால் கரைத்துவிட்டால் சரியாகிவிடும்தானே?

வர்க்கி_பிரியை

என் அக்கா ஊட்டியில் இருக்கிறாள். அவள் செய்தது கிட்டத்தட்ட இதுதான். தளர்ந்த தாடை ஓரத்தை நிமிர்த்துகிறோம் என்று ஃபில்லர் போட்டார்கள். முதல் சில வாரம் நன்றாகவே இருந்தது. அப்புறம் முகத்தின் கீழ்ப்பாதி சதுரமாகிவிட்டது. ஃபோட்டோவில் தொங்கல் குறைந்து தெரிந்தது உண்மை, கூடவே முகம் அகலமாகவும் தெரிந்தது. காலையில் எழுந்தால் தாடை வீங்கின மாதிரி இருக்கும்.

பிறகு ஆபரேஷனுக்குப் போனபோது சர்ஜன் கேட்ட முதல் கேள்வி, என்ன மருந்து, எத்தனை மில்லி, எந்த ஆழம்? அவளிடம் பணம் கட்டின ரசீது தவிர ஒன்றுமில்லை. கிளினிக்கில் கேட்டால் போட்டுவிட்ட ஆள் வேலையை விட்டுப் போய்விட்டார் என்றார்கள். கடைசியில் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்துத்தான் எங்கே எவ்வளவு இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். நல்ல வேளை, கரைகிற ரகம். கரைத்து, வீக்கம் வடிந்து, சர்ஜன் மறுபடி அளவெடுத்து, அதற்குப் பிறகே தேதி கொடுத்தார். போட ஒரு செலவு, கரைக்க ஒரு செலவு.

ஊட்டி_தோல்மருத்துவம்

தோல் மருத்துவராக எழுதுகிறேன். சிஸ்டர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் ஃபில்லரையே வில்லனாக்கிவிட வேண்டாம். ஹைலூரானிக் அமில ஃபில்லருக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது 2003இல். இருபது வருடத்துக்கு மேலான அனுபவம் இருக்கிறது. இடமும் அளவும் சரியாக இருந்தால் நல்ல பொருள்தான். தளர்ந்த தோலையும் பிரிந்த தசையையும் அது இறுக்காது. மாட்டிக்கொள்வதெல்லாம் இங்கேதான். தொளதொளத்த சட்டைக் காலருக்குள் பஞ்சு திணித்தால் சுருக்கம் கொஞ்சம் மறையும், காலர் சின்னதாகுமா?

"ஒரு வருஷத்தில் தானாகக் கரைந்துவிடும்" என்பதையும் அப்படியே நம்பவேண்டாம். பல வருடம் கழித்து எம்.ஆர்.ஐ. எடுத்தபோதும் ஹைலூரானிக் ஃபில்லர் உள்ளே இருந்தது தெரிந்திருக்கிறது. முகத்தில் மாற்றம் தெரியவில்லை என்பதால் மருந்து போய்விட்டது என்று அர்த்தமாகாது. மே மாதம் சர்ஜன் திறக்கும்போது அது அங்கேதான் இருக்கும். தோலையும் படலத்தையும் மேலே இழுக்கும்போது ஃபில்லரும் கூடவே நகர்ந்து, தாடையில் வைத்தது கன்னத்தில் மேடாக நிற்கலாம். இன்னொரு சிக்கல், ஃபில்லர் இருக்கும்போது எவ்வளவு தளர்வு என்று அளப்பதே தப்பாகப் போகும்.

அப்புறம் ஆபத்து பற்றி யாரும் பேசவில்லை. முகத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி தாடை எலும்பைக் குறுக்காகத் தாண்டி மேலே ஏறுகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு தாடை ஓரத்தில் விரல் வைத்தால் நாடி துடிப்பது தெரியும். ஊசி அதற்குள் இறங்கி ஃபில்லர் போய்விட்டால் தோல் அழுகலாம். முகத்தில் எங்கே ரத்தக்குழாய்க்குள் ஃபில்லர் போனாலும் அரிதாகப் பார்வைகூடப் போகலாம். எஃப்.டி.ஏ. 2015இல் இதற்கென்றே எச்சரிக்கை விட்டது. கரைக்கும் மருந்தைக் கையில் வைத்திராத இடத்தில் ஃபில்லர் போடவே கூடாது. போடுகிறவர் பெயரைத் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் பதிவேட்டில் தேடிப் பார்த்துவிட்டு உட்காருங்கள்.

கோடைக்குறிஞ்சி

கொடைக்கானலில் இருந்து. எல்லோரும் "கரைத்துவிடலாம், கரைத்துவிடலாம்" என்கிறீர்கள். சிம்ஸ்பார்க் அக்காவிடம் ஒன்று கேட்கவேண்டும். உங்களுக்குத் தேனீ கொட்டி உடம்பு தடித்தோ மூச்சு முட்டியோ இருக்கிறதா? தேனீ, குளவி விஷத்தில் இந்த ஹைலூரோனிடேஸ் வகை நொதி இருக்கிறது. அந்த விஷம் கடுமையாக ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கரைக்கும் ஊசியும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். கீழே டவுனில் இருக்கிறவர்களுக்கு இது ஒரு வரி எச்சரிக்கை. பாறை இடுக்கில் மலைத்தேன் அடை தொங்குகிற நம் ஊர்களில், எஸ்டேட் பக்கம் கூடு கலைந்து கொட்டுப்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடின ஒருவராவது எல்லாத் தெருவிலும் இருப்பார்.

ஊட்டி_தோல்மருத்துவம்

மிகச் சரி. இதை நானே எழுதியிருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் முன்கையில் கொஞ்சம் போட்டுப் பார்ப்பார்கள். கடுமையான ஒவ்வாமை என்று தெரிந்தவர்களுக்கு, ரத்தக்குழாய் அடைபட்ட அவசரம் தவிர, அதைத் தொடவே யோசிப்போம். கண் ஆபரேஷனில் மரத்துப்போக ஊசி போடும்போது இதையும் சேர்ப்பது வழக்கம். முன்பு கண்புரை எடுத்தவர்கள் அப்போது ஏதாவது தொல்லை வந்ததா என்று சொன்னால் அதுவும் எங்களுக்கு உதவும்.

சிம்ஸ்பார்க்_பக்கம்

ஐயோ, கோடைக்குறிஞ்சி சொன்னதைப் படித்ததும் உட்கார்ந்துவிட்டேன். கல்யாணம் ஆன புதிதில் தோட்டத்தில் கொட்டி, முகமெல்லாம் வீங்கி, லாலி ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி வைத்திருந்தார்கள். கிளினிக்கில் இதை யாருமே கேட்கவில்லை.

கட்டபெட்டு_காரன்

சரிம்மா, இதற்கு மேல் நான் கிண்டல் செய்யவில்லை. இதை முதலில் உங்கள் சர்ஜனிடம் சொல்லுங்கள்.

மஃப்ளர்_மாமா

வெலிங்டனில் ரிட்டையர் ஆனவன். ஆண்களும் இதெல்லாம் செய்துகொள்கிறார்களா என்று யாரும் கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன், செய்துகொள்கிறார்கள்.

எனக்குத் தாடை எலும்பே பின்வாங்கினது. அதனால் கழுத்தும் தாடையும் ஒரே சரிவாகத் தெரியும். என் சர்ஜன் சொன்னது, பக்கத்திலிருந்து பார்த்தால் தாடையின் அடிப்பக்கத்துக்கும் கழுத்துக்கும் நடுவே 105 முதல் 120 டிகிரி கோணம் இருந்தால் கண்ணுக்கு நன்றாக இருக்கும் என்று. எனக்கு அந்தக் கோணமே இல்லை. முகவாயில் ஒரு இம்பிளான்ட் (உள்ளே நிரந்தரமாக வைக்கும் செயற்கைத் துண்டு) வைக்கலாமா என்று யோசித்தபோது, முதலில் கரைகிற ஃபில்லரை முகவாய் நுனியில் கொஞ்சமாக வைத்து, கண்ணாடியில் பார்த்துப் பழகுங்கள், பிடித்தால் இம்பிளான்ட், பிடிக்காவிட்டால் கழுத்து மட்டும் என்றார். ஆக ஆபரேஷனுக்கு முன்னால் ஃபில்லர் என்பதற்கு ஒரு நியாயமான இடம் இருக்கிறது. ஆனால் சொன்னவர் ஆபரேஷன் செய்யப்போகிறவர், இடம் எலும்பின் மேல், அளவு கொஞ்சம். எல்லாமே ஃபைலில் எழுதியிருந்தது, மருந்துப் பெட்டியின் ஸ்டிக்கர் உட்பட.

ஒரு கூடுதல் தகவல் ஆண்களுக்கு: தாடி முளைக்கிற தோலை இழுத்துக் காதுப் பக்கம் கொண்டுபோவதால் இப்போது காதுக்குப் பின்னாலும் ஷேவ் செய்கிறேன். இதைச் சர்ஜன் முன்கூட்டியே சொன்னார், வீட்டுக்காரம்மாதான் சிரிப்பை நிறுத்தவில்லை.

ஓடி_சிஸ்டர்

மாமா சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். என் சண்டை ஃபில்லரோடு இல்லை. ஆபரேஷன் செய்கிறவருக்குத் தெரியாமல் இன்னொருவர் போடுகிற ஃபில்லரோடுதான்.

சிம்ஸ்பார்க் அக்கா, உங்களுக்குக் கொட்டின கதை இருப்பதால் கணக்கே மாறுகிறது. கரைகிற ரகம் பத்திரம் என்று நாங்கள் சொன்னதற்குக் காரணமே கரைக்கலாம் என்பதுதான். அது உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம். அடைப்பு வந்தாலும் அதுதான் முதல் மருந்து என்பதையும் யோசியுங்கள். தாடைக்கு அடியில் கொழுப்பைக் கரைக்கிற ஊசி என்று இன்னொன்றைக் காட்டுவார்கள், டியாக்ஸிகோலிக் அமிலம். 2015இல் எஃப்.டி.ஏ. அனுமதித்த மருந்து உண்டு, ஆனால் அதுவும் உள்ளே தழும்பு போடும், வீக்கம் வாரக்கணக்கில் நிற்கும். கல்யாணத்துக்கு முன்னால் அது வேண்டவே வேண்டாம்.

ஊட்டி_தோல்மருத்துவம்

கல்யாண ஃபோட்டோதான் கவலை என்றால் சர்ஜனிடம் போடாக்ஸ் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பிளாட்டிஸ்மாக் கயிறுகளுக்கு எஃப்.டி.ஏ. அனுமதியே கிடைத்தது 2024 அக்டோபரில், ஆனால் டாக்டர்கள் அதற்கு வெகு காலம் முன்பிருந்தே போட்டு வருகிறார்கள். தசையைத் தளர்த்தும், இடத்தை நிரப்பாது, ஃபில்லர் மாதிரி ஆபரேஷன் அடுக்கில் கிடக்காது. மூன்று நாலு மாதத்தில் பலன் போய்விடும். வேலை செய்ய ஓரிரு வாரம் ஆகும் என்பதால் கடைசி நிமிஷத்தில் போடக்கூடாது. இறங்கின கன்னத்துச் சதையை அது தூக்காது, கயிறு மட்டும் குறையும். அளவு அதிகமானால் விழுங்க சிரமம், தலை தூக்கச் சோர்வு என்று வரும், அதனால் கை பழகினவரிடம் மட்டும். போடுவதற்கு முன் கழுத்தை இறுக்கியும் தளர்த்தியும் ஃபோட்டோ எடுத்து சர்ஜனுக்குக் கொடுங்கள், பிறகு அவருக்குக் கயிறு தெரியாது.

மஃப்ளர்_மாமா

இதில் யாரும் தொடாத ஒன்று, ஆபரேஷன் முடிந்து மலை ஏறுவது. கழுத்து ஆபரேஷனில் பயப்படவேண்டியது தோலுக்கடியில் ரத்தம் கட்டுவது. பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில் வரும், பிரஷர் ஏறினால் வரும், வாந்தி எடுத்தால் வரும். பர்லியாறு தாண்டின கொண்டை ஊசி வளைவுகளில் நல்ல உடம்போடு போகிறவர்களே ஜன்னலில் தலை நீட்டுகிறார்கள். நான் தையல் பிரிக்கும்வரை கோவையில் ஒரு உறவினர் வீட்டிலேயே தங்கிவிட்டேன். ரத்தம் கட்டி மூச்சுக்குழாயை அழுத்தினால் ஓடிப்போக ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கவேண்டும். நடு மலையில் மரம் விழுந்து ரோடு அடைத்தால் என்ன செய்வோம்?

மே மாதத்தையும் யோசியுங்கள். மலர்க் கண்காட்சி, சீசன் கூட்டம், ஏற ஒரு ரோடு இறங்க ஒரு ரோடு என்று மாற்றிவிடுவார்கள். ஒரு செக்கப்புக்கு இறங்க அரை நாள் போகும். என் யோசனை பங்குனி.

வர்க்கி_பிரியை

பங்குனியில் இன்னொரு வசதி, குளிர் முழுசாகப் போயிருக்காது. ஆபரேஷனுக்குப் பிறகு போடுகிற கழுத்துப் பட்டை மேல் ஸ்கார்ஃப் சுற்றினால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். ஆனால் குளிர்கிறதே என்று வெயிலில் உட்காராதீர்கள். நம் உயரத்தில் வெயில் சுடாவிட்டாலும் புற ஊதாக் கதிர் கடுமை, புதுத் தழும்பு கறுத்துப்போகும். அக்காவுக்குக் காதுக்கு முன்னால் ஒரு கோடு அப்படித்தான் நின்றது.

கோடைக்குறிஞ்சி

கம்பளிக் காலர் தையலை உரசும், பருத்தி ஸ்கார்ஃப் எடுத்து வையுங்கள். வீட்டில் கரி அடுப்பு மூட்டிக் குளிர் காய்கிற பழக்கம் இருந்தால் அந்த அறையில் தூங்க வேண்டாம். வீட்டில் யாராவது சிகரெட் பிடித்தால் அவர்களை வெளியே அனுப்புங்கள். நிகோடின் தோலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும், பிரித்துத் தைத்த தோல் காதுக்குப் பின்னால் கறுத்துச் செத்துப்போவது அதனால்தான் என்று என் சர்ஜன் நண்பர் சொல்வார்.

சிம்ஸ்பார்க்_பக்கம்

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரண்டு இடத்துக்கும் போய் வந்தோம்.

கிளினிக்கில் பெட்டியைக் காட்டச் சொன்னேன். முதலில் மழுப்பினார்கள், என் வீட்டுக்காரர் குரலை உயர்த்தினதும் எடுத்து வந்தார்கள். கால்சியம் ரகம். ஊசி போட்டுக் கரைக்க முடியாததுதான். தேனீ விஷயம் சொன்னதும் "இதற்குக் கரைக்கும் ஊசியே தேவையில்லை மேடம், அதனால் உங்களுக்கு இதுதான் பாதுகாப்பு" என்றாரே பார்க்கலாம்! எழுந்து வந்துவிட்டோம்.

சர்ஜன் பொறுமையாகக் கேட்டார். தாடை ஓரத்தில் எதுவும் வேண்டாம் என்றார். தேனீ ஒவ்வாமையை ஃபைலில் சிவப்பு மையில் எழுதினார். மயக்க மருந்து டாக்டருக்கும் தனியாகச் சொல்லச் சொன்னார். மார்கழி நடுவில் கயிற்றுக்கு மட்டும் கொஞ்சம் போடாக்ஸ், அவரே போடுகிறார், முன்னால் ஃபோட்டோ எடுத்தாகிவிட்டது. கன்னத்துச் சதை கல்யாண ஃபோட்டோவில் தெரியத்தான் செய்யும், தெரிந்துவிட்டுப் போகட்டும். தேதியைப் பங்குனிக்கு மாற்றினோம். ஆபரேஷனிலேயே தேவைப்பட்டால் வயிற்றுக் கொழுப்பைக் கொஞ்சம் எடுத்து முகவாய் ஓரத்தில் வைக்கலாம், அது உங்கள் சொந்தக் கொழுப்பு என்றார்.

கடைசியாக ஒன்று. பிரஷர் மாத்திரையும் மீன் எண்ணெய் கேப்சூலும் தினமும் சாப்பிடுகிறேன். எதை நிறுத்தவேண்டும்?

ஓடி_சிஸ்டர்

பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது அக்கா. ஆபரேஷன் அன்று காலையில்கூட எதைச் சாப்பிடலாம் என்று மயக்க மருந்து டாக்டர் சொல்வார், பிரஷர் ஏறினால்தான் ரத்தம் கட்டும். மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, தலைவலிக்குப் போடுகிற ஆஸ்பிரின், புரூஃபென் வகை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்கள். எத்தனை நாள் முன்னால் நிறுத்துவது என்று அவர்கள் குறித்துக் கொடுப்பார்கள். இதயத்துக்காக யாராவது ஆஸ்பிரின் கொடுத்திருந்தால் அந்த டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். பல்லில் வேலை ஏதாவது பாக்கி இருந்தால் கல்யாண அலைச்சலோடு அலைச்சலாக இப்போதே முடித்துவிடுங்கள். திரும்பி வருவதற்கு வண்டி சொல்லும்போது மெதுவாக ஓட்டுகிற டிரைவராகப் பாருங்கள், முன் சீட்டில் உட்கார்ந்து வாருங்கள்.